உலோகங்களின் பாதை – 9: தரிசு நிலத்தின் அடியில் வுட் சுரங்கம்

இன்று உலகின் குரோமைட் தாதுவில் பெரும்பகுதியைத் தென்னாப்பிரிக்கா, கஜகஸ்தான், துருக்கி, இந்தியா ஆகிய நாடுகள் தோண்டி எடுக்கின்றன. ஆனால் 1828 தொடங்கி 1850 வரையிலான காலத்தில், உலகச் சந்தைக்கு வந்த குரோமைட்டில் மிகப் பெரும்பங்கு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மேரிலாந்து, பென்சில்வேனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையை ஒட்டிய குறுகிய நிலப்பட்டையிலிருந்தே சென்றது. அந்தப் பட்டையின் சுரங்கங்களில் ஆழத்தாலும் விளைச்சலாலும் முதன்மையானது பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில், ஆக்டொராரோ ஓடையை ஒட்டி அமைந்த வுட் சுரங்கம். 1820களின் இறுதியில் தோண்டத் தொடங்கி, இடையிடையே நிறுத்தப்பட்டு, 1880களின் தொடக்கத்தில் முற்றாகக் கைவிடப்பட்ட அந்தச் சுரங்கம் 700 அடிக்கும் மேல் ஆழம் சென்றது. அது தந்த மொத்தத் தாது ஒரு லட்சம் டன்னை நெருங்கும் என மதிப்பிடப்படுகிறது. ஒடிசாவின் சுக்கிந்தா பள்ளத்தாக்கில் இன்று ஒரே ஆண்டில் இதைப் போலப் பல மடங்கு தாது எடுக்கப்படுவதால், இந்த எண்ணிக்கை சிறியதாகத் தோன்றக்கூடும். ஆனால் குரோமியம் சாயத்திற்கும் வண்ணப்பூச்சிற்கும் மட்டுமே பயன்பட்ட ஒரு காலத்தில், ஆண்டுக்குச் சில ஆயிரம் டன் தாதுவே உலகத் தேவையை நிறைவு செய்யப் போதுமானதாக இருந்தது என்பதை நினைவில் கொண்டால்தான், ஒரு தனிச் சுரங்கம் உலக வணிகத்தின் போக்கை எவ்வாறு தன் கையில் வைத்திருக்க முடிந்தது என்பது விளங்கும்.

குரோமைட் என்பது இரும்பும் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கருமையான கனிமம். ஸ்பினல் என்னும் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏட்டளவில் தூய குரோமைட்டின் எடையில் ஏறத்தாழ 68 விழுக்காடு குரோமிக் ஆக்சைடு என்றாலும், இயற்கையில் இரும்பின் இடத்தை மக்னீசியமும் குரோமியத்தின் இடத்தை அலுமினியமும் ஓரளவு பிடித்துக்கொள்வதால், வுட் சுரங்கத்தின் தேர்ந்த தாதுவிலும் அது ஏறத்தாழப் பாதி அளவே இருந்தது. கையில் எடுத்தால் அதன் அளவுக்கு மீறிய கனம் உடனே தெரியும். நீரைப் போல ஏறக்குறைய நாலரை மடங்கு அடர்த்தி உடையது. உடைத்த முகம் தார் போலக் கறுத்து மங்கலாக மினுங்கும். மெருகிடாத வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழாது, பழுப்புக் கோடுதான் விழும். தோற்றத்தில் இதற்கு மிக நெருங்கிய மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது கறுப்புக் கோடு இடும், காந்தத்தையும் வலிமையாகப் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டு சோதனைகளுக்கும் ஆய்வகம் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமப்புறங்களில் தாது தேடித் திரிந்தவர்களுக்கு இவையே போதுமான கருவிகளாக இருந்தன.

குரோமியம் என்னும் தனிமத்தை 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லான் கண்டறிந்தது குரோமைட்டிலிருந்து அன்று. ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கிடைத்த சிவப்பு ஈயத் தாதுவிலிருந்து. அந்தத் தாது அரியது, விலை மிகுந்தது. அதே நூற்றாண்டின் இறுதியில் தென் பிரான்சின் வார் பகுதியில் கிடைத்த குரோமைட்டிலும் குரோமியம் இருப்பது தெரியவந்தபோது, அந்த உலோகத்தின் சேர்மங்களை மலிவாகத் தயாரிக்கும் வழி திறந்தது. குரோமியச் சேர்மங்களில் முதலில் சந்தையைப் பிடித்தது குரோம் மஞ்சள். ஈய உப்பையும் பொட்டாசியம் குரோமேட்டையும் கலந்தால் வீழ்படிவாக இறங்கும் இந்த நிறமி வண்டிகளுக்கும் வீட்டுச் சுவர்களுக்கும் பூசப்பட்டது. 1820 வாக்கில் பொட்டாசியம் டைகுரோமேட் பருத்தித் துணிச் சாயத்தொழிலுக்குள் நுழைந்தபின், மான்செஸ்டரும் கிளாஸ்கோவும் அந்த ஆரஞ்சு நிறப் படிகத்தைத் தொடர்ந்து கேட்டன. ஆகவே, அமெரிக்கப் பண்ணை நிலங்களில் தோண்டப்பட்ட கறுப்புக் கல்லின் விலையை நெடுங்காலம் தீர்மானித்தது பிரிட்டிஷ் நெசவாலைகளின் தேவைதான். எஃகில் குரோமியத்தைச் சேர்க்கும் தொழில் இதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தே வளர்ந்தது.

பால்டிமோர் நகருக்கு வடக்கே உள்ள பேர் ஹில்ஸ் என்னும் இடத்தில், 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் குரோமைட் அடையாளம் காணப்பட்டது. அந்த நிலம் டைசன் என்னும் குவேக்கர் வணிகக் குடும்பத்தின் கையில் இருந்தது. அக்குடும்பத்தின் இளைய ஐசக் டைசன், 1792இல் பிறந்தவர், தாதுவைத் தோண்டி விற்பதைத் தன் தொழிலாக ஆக்கிக்கொண்டார். அவரைப் பற்றிச் சொல்லப்படும் வரலாறுகள் பலவும் 1827இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை முன்வைக்கின்றன: பால்டிமோர் சந்தையில், ஆப்பிள் சாறு நிறைந்த பீப்பாய் உருண்டுவிடாமல் இருக்க ஒரு வண்டியில் முட்டுக்கொடுத்திருந்த கனமான கறுப்புக் கற்களை டைசன் கண்டு, அவை எங்கிருந்து வந்தன என்று விசாரித்து, ஹார்ஃபோர்டு மாவட்டத்தின் ரீட் பண்ணையைச் சென்றடைந்தார் என்பது அது. அந்தப் பண்ணையில் தோண்டப்பட்ட ரீட் சுரங்கம் நல்ல தாதுவைத் தந்தது உண்மையே. ஆயினும் டைசனின் சிறப்பை அந்தப் பீப்பாயோடு முடித்துவிடுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது. பேர் ஹில்ஸிலும் ரீட் பண்ணையிலும் குரோமைட் இருந்த நிலம் ஒரே வகையானது என்பதைக் கவனித்து, அந்த வகை நிலம் எங்கெல்லாம் தொடர்கிறதோ அங்கெல்லாம் தாது கிடைக்கும் என்று முடிவு செய்ததுதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு. சந்தையில் கிடைத்த கல் ஒரு தற்செயல். நிலத்தைப் படித்தது அறிவு.

அந்த நிலம் விவசாயிகள் வெறுத்து ஒதுக்கிய தரிசு. சுற்றிலும் ஓக் காடுகளும் சோள வயல்களும் செழித்திருக்க, இடையே திடீரென்று புல்லும், குட்டையான பிட்ச் பைன் மரங்களும், முறுக்கிய பிளாக்ஜாக் ஓக் மரங்களும், முள்கொடிகளும் மட்டுமே வளரும் பரப்பு தொடங்கும். அதன் விளிம்பு பல இடங்களில் கோடு கிழித்தாற்போல் கூர்மையாக இருக்கும். காரணம் அடியில் கிடக்கும் சர்ப்பென்டைன் பாறை. அது சிதைந்து உருவாகும் மண்ணில் பயிர்களுக்குத் தேவையான கால்சியம் மிகக் குறைவு. மக்னீசியம் மிக அதிகம். வேர்களுக்கு நஞ்சாகும் நிக்கலும் உண்டு. மண்ணின் கனமும் சில அங்குலம்தான். இவ்வாறு பாறையின் வேதியியல் தாவரங்களின் மீது எழுதிவைத்த எல்லைக்கோட்டை டைசன் பின்தொடர்ந்தார். பால்டிமோருக்கு வடமேற்கே உள்ள சோல்ஜர்ஸ் டிலைட் தரிசிலிருந்து, ஹார்ஃபோர்டு, செசில் மாவட்டங்களின் வழியாக, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், செஸ்டர் மாவட்டங்கள் வரை அந்தத் தரிசுகளைத் தேடிச் சென்று, சில இடங்களில் நிலத்தையே வாங்கியும், சில இடங்களில் கனிம உரிமையை மட்டும் குத்தகைக்கு எடுத்தும் தன் வசமாக்கினார். பயிர் விளையாத நிலத்துக்குப் பணம் தர ஒருவர் முன்வந்தபோது, அதை மறுக்க உரிமையாளர்களுக்குக் காரணம் ஏதும் இருக்கவில்லை. வுட் சுரங்கம் இந்தத் தேடலின் விளைவு.

இந்தச் சர்ப்பென்டைன் பாறை அங்கு எப்படி வந்தது என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவுபடத் தொடங்கியது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய வட அமெரிக்காவின் கிழக்கு விளிம்புக்கு அப்பால் ஐயாபெட்டஸ் என்று புவியியலாளர் அழைக்கும் பெருங்கடல் இருந்தது. அக்கடல் மெல்ல மெல்ல மூடிக்கொண்டபோது, கடலடியின் துண்டுகளும், தீவு வளைவுகளின் அடியில் குளிர்ந்து இறுகிய பாறைகளும் கண்டத்தின் மீது தள்ளப்பட்டு, அப்பலாச்சிய மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் சிக்கிக்கொண்டன. மேரிலாந்து, பென்சில்வேனியா சர்ப்பென்டைன் பட்டைகள் அவ்வாறு சிக்கிய துண்டுகள். கடலடித் தளமும் அதன் கீழிருந்த மேன்டில் என்னும் மூடகப் பாறையும் சேர்ந்து கண்டத்தின் மீது ஏறிய தொகுதியை ஓஃபியோலைட் என்பர். பால்டிமோர்ப் பாறைத் தொகுதி முழுமையான ஓஃபியோலைட்டா, அல்லது தீவு வளைவின் அடியில் அடுக்கடுக்காகப் படிந்த பாறைக்குழம்பின் எச்சமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இந்தப் பட்டைகளின் மூலப்பாறை ஆலிவின் என்னும் பச்சைக் கனிமம் மிகுந்த டியூனைட், பெரிடோடைட் வகைகள் என்பதில் ஐயமில்லை.

குரோமைட் உலகில் இரண்டு முக்கிய வடிவங்களில் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு தொகுதியில், பெரும் பாறைக்குழம்புத் தேக்கத்தின் அடியில் படிந்த அடுக்குகளாக அது கிடக்கிறது. அங்கே ஒரே படலத்தைப் பல பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குத் தொடர முடியும் என்பதால், ஓரிடத்தில் தாதுவைக் கண்டவர் அடுத்த ஊரில் அது எந்த ஆழத்தில் இருக்கும் என்றும் ஓரளவு கணிக்க முடியும். மற்றொரு வகை பொதிப் படிவு. மேன்டில் பாறையின் ஊடாக மேலேறும் பாறைக்குழம்பு, வழியிலுள்ள பாறையோடு வினைபுரிந்தும் வேறு குழம்போடு கலந்தும் வேதியியல் சமநிலை மாறும் இடங்களில், மற்ற கனிமங்கள் எதுவும் படியாமல் குரோமைட் மட்டும் படிகமாகத் தங்கிவிடுகிறது. இவ்வாறு டியூனைட் பாறையால் சூழப்பட்ட வில்லை வடிவ, விரல் வடிவ, ஒழுங்கற்ற கட்டிகள் உருவாகின்றன. பின்னர் மலையாக்க விசைகள் அவற்றை இழுத்தும் மடித்தும் துண்டாக்கியும் விடுகின்றன. பேர் ஹில்ஸ் முதல் வுட் சுரங்கம் வரை இந்தப் பகுதியில் தோண்டப்பட்டவை இத்தகைய பொதிகளே.

ஒரு பொதி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்கு மேற்பரப்பில் எந்த அடையாளமும் இராது. ஒரு பண்ணையில் சில வண்டித் தாதுவோடு பொதி தீர்ந்துவிடும்; ஒரு கல்லெறி தூரத்தில் தோண்டப்பட்ட இன்னொரு குழியில் எதுவும் கிடைக்காது; மூன்றாவது இடத்தில் 700 அடி ஆழத்துக்குத் தொடரும். வுட் சுரங்கத்தின் பொதி அசாதாரணமான அளவுடையது. அதனாலேயே அது மற்றச் சுரங்கங்கள் அனைத்தையும் விஞ்சியது. அப்பகுதியின் சுரங்கங்கள் அனைத்தும் சேர்ந்து தந்த தாது இரண்டரை லட்சம் டன்னைச் சற்றுக் கடந்திருக்கும் என்ற மதிப்பீட்டோடு வைத்துப் பார்த்தால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே பொதியிலிருந்து வந்தது என்பது தெரியும். பொதிப் படிவை நம்பித் தொழில் நடத்துவோர் ஒரு சுரங்கத்தை வைத்து மற்றொன்றைக் கணிக்க முடியாது என்ற பாடத்தை இந்த வட்டாரத்தைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் அரிது.

மேன்டிலில் உருவான டியூனைட் பாறை கடல்நீரையும் நிலத்தடிச் சுடுநீரையும் சந்தித்தபோது, அதிலிருந்த ஆலிவின் நீரை ஈர்த்துச் சர்ப்பென்டைனாக மாறியது. இந்த மாற்றத்தில் பாறையின் கன அளவு பெருகுகிறது. பெருகும் பாறை தன்னைத் தானே நசுக்கி, மெழுகு தடவியது போன்ற வழவழப்பான முகங்களை உள்ளுக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. சுரங்கத் தொழிலாளிக்கு இது பெரும் ஆபத்து. உறுதியான கருங்கல் போல இந்தப் பாறை கூரையாக நிற்காது. பிடிமானமற்ற அந்த முகங்களின் வழியே முன்னறிவிப்பின்றி வழுக்கி இறங்கும். ஆகவே, தாதுவைத் தோண்டிய வெற்றிடங்களுக்கு மரத்தாங்கிகள் கொடுக்க வேண்டியிருந்தது, அல்லது நல்ல தாதுவையே தூண்களாக விட்டுவைக்க வேண்டியிருந்தது. குரோமைட் மட்டும் இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் தாங்கி நின்றது; அதன் விளிம்புகளும் விரிசல் ஓரங்களும்தான் இரும்பு மிகுந்த மேக்னடைட் போன்ற பொருளாக மாறின. அந்த விரிசல்களில் குளோரைட் குடும்பத்தைச் சேர்ந்த, குரோமியம் கலந்ததால் கத்தரிப்பூ நிறம் பெற்ற கெமரரைட் படிந்தது. சில கற்களின் மீது நிக்கல் கார்பனேட் மரகதப் பச்சையில் மெல்லிய பூச்சாகப் படர்ந்திருந்தது. 1840களில் இளைய பெஞ்சமின் சில்லிமன் இதனை மரகத நிக்கல் என்று விவரித்தார், இன்று அது சாராடைட் எனப்படுகிறது. வுட் சுரங்கத்தின் புரூசைட் படிகங்களும் கனிமச் சேகரிப்பாளர்களிடையே புகழ்பெற்றவை. இந்த வட்டாரத்துக் கற்கள் பலவற்றுக்கு அருங்காட்சியகச் சீட்டுகளில் டெக்சாஸ் என்று இடப்பெயர் எழுதப்பட்டிருக்கும். அது தெற்கே உள்ள பெரிய மாநிலத்தைக் குறிப்பதன்று, சுரங்கத்தை அடுத்திருந்த ஒரு சிற்றூரின் பழைய பெயர்.

வுட் சுரங்கத்தில் வேலை தொடங்கியது தாது தரைக்கு மேல் தெரிந்த இடத்தில் வெட்டிய திறந்த குழியாகத்தான். பொதி சாய்வாக உள்ளே இறங்கியதால், குழியும் அதன் சாய்வைப் பின்பற்றி நிலத்தடிச் சுரங்கமாக மாறியது. குறிப்பிட்ட ஆழங்களில் பக்கவாட்டில் மட்டங்கள் எனப்படும் கிடைவழிகள் வெட்டப்பட்டன. உளியும் சுத்தியலும் கொண்டு கையால் துளையிட்டு, கருமருந்து நிரப்பி வெடித்து, சிதறிய கல்லை மேலே ஏற்றினர். மேலே வந்த கல் சுத்தியலால் உடைத்துப் பிரிக்கப்பட்டது: திண்மையான குரோமைட் ஒரு குவியலுக்கு, பச்சைச் சர்ப்பென்டைன் ஒட்டியிருந்த துண்டுகள் மேலும் உடைப்பதற்கு, மீதம் கழிவு மேட்டுக்கு. நாலரை மடங்கு கனம் உடைய தாதுவையும் ஏறத்தாழ இரண்டரை மடங்கே கனம் உடைய சர்ப்பென்டைனையும் பழகிய கை தூக்கிய உடனே பிரித்தறிந்துவிடும். தேர்ந்த தாது மாட்டு வண்டிகளிலும் குதிரை வண்டிகளிலும் சஸ்குவெஹன்னா ஆற்றங்கரையில் உள்ள போர்ட் டெபாசிட்டுக்குச் சென்று, அங்கிருந்து படகில் பால்டிமோரை அடைந்து, பிறகு அட்லாண்டிக்கைக் கடந்தது. ஆழம் கூடக் கூட, ஓடைக்கு அருகில் அமைந்த அந்தச் சுரங்கத்தில் கசியும் நீரை இறைக்கும் செலவும் ஏறிக்கொண்டே போயிற்று.

எல்லைக்கோட்டுச் சுரங்கம் என்னும் பொருளில் லைன் பிட் என்று அழைக்கப்பட்ட மற்றொரு சுரங்கம், 1763க்கும் 1767க்கும் இடையே மேசன், டிக்சன் என்னும் நில அளவையாளர்கள் அளந்து வகுத்த மாநில எல்லையின் மீதே அமைந்திருந்தது. அதே படிவை எல்லைக்கு மறுபுறம் லோ என்னும் பெயருள்ள சுரங்கம் தோண்டியது. நில உரிமைகளையும் பின்னாளில் அடிமை முறையின் எல்லையையும் பிரித்த அந்தக் கோட்டுக்கு அடியில், தாது தடையின்றி இரு மாநிலங்களிலும் தொடர்ந்தது.

பொதிகளைத் தோண்டியதோடு தொழில் முடியவில்லை. சர்ப்பென்டைன் மண்ணை மழை அரித்துச் செல்லும்போது, சிதையாத குரோமைட் மணிகள் ஓடைப் படுகைகளில் கறுப்பு மணலாகச் சேர்ந்தன. சோல்ஜர்ஸ் டிலைட் தரிசில் இந்த மணலை எடுப்பது தனித் தொழிலாகவே நடந்தது. ஓடை நீரை மறித்து மரத்தாலான சாய்வுத் தொட்டியில் விட்டு, மேல் முனையில் மணலைக் கொட்டிக் கிளறிக்கொண்டே இருப்பர். முறத்தில் புடைக்கும்போது மணி தங்கிப் பதர் பறப்பதைப் போல, கனமான குரோமைட் மேல் முனையிலேயே தங்க, இலேசான சர்ப்பென்டைன் மணலும் களிமண்ணும் நீரோடு கீழே போய்விடும். தொட்டி நிறைந்ததும் நீரை நிறுத்தி, படிந்ததை மேல், நடு, கீழ் என்று பகுத்து, நடுப்பகுதியை மறுபடி கழுவுவர். ஆழ்சுரங்கம் போல முதலீடு வேண்டாத, சில ஆட்களும் ஒரு மழைக்காலமும் இருந்தால் நடத்தக்கூடிய இந்த முறை, பெருஞ்சுரங்கங்கள் மூடியபின்னும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

டைசன் ஏற்றுமதி செய்த தாதுவின் முதன்மை வாடிக்கையாளர்கள் ஸ்காட்லாந்தில் இருந்தனர். கிளாஸ்கோவை அடுத்த ரதர்கிளென்னில், ஷாஃபீல்டு என்னும் இடத்தில், ஜே அண்ட் ஜே வைட் நிறுவனம் 1830 வாக்கில் பொட்டாசியம் டைகுரோமேட் தயாரிக்கத் தொடங்கி, அத்தொழிலில் உலகின் முன்னணி நிலையை அடைந்தது. முறை எளிதாகச் சொல்லக்கூடியது, ஆனால் அதைச் செய்வோருக்குக் கொடியது. பொடித்த தாதுவைச் சாம்பல் உப்புடனும் சுண்ணாம்புடனும் கலந்து, காற்று பட உலையில் நீண்ட நேரம் வறுத்தால், நீரில் கரையாத குரோமியம் ஆக்சிஜனை ஏற்று, கரையும் மஞ்சள் குரோமேட்டாக மாறுகிறது. அதை நீரில் பிரித்தெடுத்து அமிலம் சேர்த்தால் ஆரஞ்சுப் படிகமாக டைகுரோமேட் கிடைக்கிறது. பாறையில் இருக்கும் குரோமியம் மூன்று இணைதிற நிலையில் உள்ளது, உடலுக்குப் பெரிதும் தீங்கற்றது. உலையில் அது ஆறு இணைதிற நிலைக்கு மாறுகிறது, அந்த வடிவம் தோலையும் மூச்சுக்குழலையும் அரிக்கும், நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். ஷாஃபீல்டு தொழிலாளர்களின் மூக்கின் நடுத்தண்டு அரித்து ஓட்டை விழுவது வழக்கமான நிலையாக இருந்தது. 1899இல் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி அந்த ஆலையின் நிலைமைகளை வெளிக்கொணர்ந்து எழுதிய கட்டுரைகள் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தின. ஆலை உரிமையாளரான ஓவர்டவுன் பிரபு சமயப் பணிகளுக்கு வாரி வழங்கியவராகப் பெயர் பெற்றிருந்தார் என்பது அந்த அதிர்ச்சியை மேலும் கூட்டியது.

டைசன் தாதுவை மட்டும் விற்றுக்கொண்டிருக்கவில்லை. 1845இல் பால்டிமோர்த் துறைமுகத்தின் ஃபெல்ஸ் பாயிண்ட் பகுதியில் தன் சொந்தக் குரோம் ஆலையை நிறுவினார். தாதுவையும் அதிலிருந்து கிடைக்கும் வேதிப்பொருளையும் ஒரே கையில் வைத்திருப்பதன் பயன் மூன்று ஆண்டுகளுக்குள் வெளிப்பட்டது. 1848இல், ஒட்டோமான் அரசின் பணியில் இருந்த அமெரிக்க வேதியியலாளரும் கனிமவியலாளருமான ஜே. லாரன்ஸ் ஸ்மித், துருக்கியின் பர்சா நகரை ஒட்டிய பகுதியில் பெரும் குரோமைட் படிவுகளைக் கண்டறிந்தார். அவையும் பொதிப் படிவுகளே. ஆனால் எண்ணிக்கையிலும் அளவிலும் அமெரிக்கப் படிவுகளை மிஞ்சியவை, மேற்பரப்புக்கு அருகில் கிடந்தவை, கூலி குறைவான நாட்டில் அமைந்தவை. கிளாஸ்கோ ஆலைகள் துருக்கித் தாதுவுக்கு மாறின. டைசனின் ஏற்றுமதி ஏகபோகம் அவர் கண்முன்னே சரிந்தது. அவர் 1861இல் இறந்தார். பால்டிமோர் ஆலை மட்டும் தொடர்ந்து இயங்கியது.

வுட் சுரங்கம் உடனே மூடப்பட்டுவிடவில்லை என்பது கவனத்துக்குரியது. துருக்கியில் தாது கண்டறியப்பட்ட பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஓடியும் நின்றும் உயிர் பிழைத்திருந்தது. பால்டிமோர் ஆலைக்கு அருகிலிருந்த அதன் உயர்தரத் தாது வண்டிக்கூலியிலும் தரத்திலும் போட்டியிட்டது. ஆனால் 700 அடிக்குக் கீழே பொதி மெலிந்துவர, நீரிறைப்புச் செலவும் கல்லை ஏற்றும் செலவும் மட்டும் குறையாதிருந்தபோது, கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டுத் தாதுவை வாங்குவதே பால்டிமோர் ஆலைக்கும் மலிவாகிவிட்டது. சுரங்கத்தில் தாது முற்றிலும் தீர்ந்துபோனதால்தான் மூடப்பட்டது என்று சுருக்கமாக எழுதுவோர் உண்டு. அது பாதி உண்மை. ஒரு சுரங்கம் எந்த ஆழத்தில் முடிகிறது என்பதைப் பாறை எவ்வளவு தீர்மானிக்கிறதோ, அதே அளவுக்கு வேறொரு கண்டத்தில் கிடக்கும் பாறையின் விலையும் தீர்மானிக்கிறது. முதல் உலகப்போரில் கடல்வழி வரத்து தடைப்பட்டு விலை ஏறியபோது, சோல்ஜர்ஸ் டிலைட்டின் சோட் சுரங்கம் போன்ற பழைய குழிகள் மீண்டும் திறக்கப்பட்டதும், போர் முடிந்து விலை இறங்கியதும் மறுபடி மூடப்பட்டதும் இந்த உண்மையையே உறுதிசெய்கின்றன.

இதே வகைப் பாறையும் இதே வகை முயற்சியும் தமிழகத்திலும் உண்டு. சேலத்துக்கு வடக்கே, கருப்பூர்ப் பக்கம் வெள்ளை நரம்புகள் ஓடும் குன்றுகளின் அடித்தளம் டியூனைட்தான். வெள்ளை நரம்புகள் மேக்னசைட், அவற்றின் இடையே ஆங்காங்கே குரோமைட் பொதிகள் கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அங்கும் குரோமைட் தோண்டப்பட்டுக் கைவிடப்பட்டது. குன்றுகளின் பெயரை நிலைநாட்டியது மேக்னசைட்டே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் உள்ள குரோமைட் வேறு வகை: அனார்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறையோடு அடுக்குகளாகக் கிடப்பது, இரும்பும் அலுமினியமும் மிகுந்து குரோமியம் குறைந்தது. தமிழகத்துக்கும் குரோமியத்துக்கும் உள்ள நெருங்கிய தொடர்பு சுரங்கத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல் சில நாட்களில் பதமாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் அந்த உப்பைப் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கியது. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், அதன் கழிவுக் குவியல் லட்சக்கணக்கான டன்னில் கிடந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது.

வுட் சுரங்கத்தின் கழிவு மேட்டில் இருப்பது உடைந்த சர்ப்பென்டைனும் மீந்துபோன குரோமைட்டும்தான். மூன்று இணைதிறக் குரோமியம் பாறைக்குள்ளேயே பூட்டப்பட்டிருப்பதால், அந்த மேட்டால் பெருந்தீங்கு இல்லை. அருகிலுள்ள செஸ்டர் மாவட்டத்தின் நாட்டிங்ஹாம் தரிசு, பழைய குரோமைட் குழிகளோடு பொதுப்பூங்காவாகப் பேணப்படுகிறது. 2008இல் அது அமெரிக்காவின் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சர்ப்பென்டைன் மண்ணுக்கே உரிய அரிய செடிகள் பலவும் அங்கும் சோல்ஜர்ஸ் டிலைட்டிலும் எஞ்சியிருக்கின்றன. விவசாயம் இந்த நிலத்தை ஒதுக்கியது அவற்றுக்கு நல்லதாகப் போயிற்று.

தீங்கு தங்கியது தாது தோண்டிய இடத்தில் அன்று, தாதுவை வறுத்த இடங்களில். ஷாஃபீல்டு ஆலை 1967இல் மூடப்பட்டது. அது ரதர்கிளென் பகுதியெங்கும் கொட்டிய கழிவிலிருந்து கசியும் குரோமியம், கிளாஸ்கோவின் போல்மடி ஓடையை அண்மை ஆண்டுகளிலும் பச்சை நிறமாக்கியிருக்கிறது. டைசன் தொடங்கிய பால்டிமோர் ஆலை 1908இல் மியூச்சுவல் கெமிக்கல் நிறுவனத்தின் கைக்கு மாறி, பின்னர் வேறு கைகளுக்கும் சென்று, 140 ஆண்டுகள் இயங்கியபின் 1985இல் மூடப்பட்டது. அந்த இடத்து மண்ணை அகற்ற முடியாததால், 1990களில் சுற்றிலும் நிலத்தடித் தடுப்புச் சுவரும் மேலே பல அடுக்கு மூடியும் அமைத்து அடைத்தனர். அதன் மீது இன்று உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. உள்ளே சேரும் நிலத்தடி நீரை இறைத்து, அதன் மட்டம் துறைமுக நீரைவிடத் தாழ்வாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் பணி தொடர்ந்து நடந்துவருகிறது.

(தொடரும்)